கட்டை விரலுக்கு ஒரு கூட்டல் குறி!



வீட்டில் வீடியோ கேம் இருந்தால், அதன் கன்ட்ரோலரைக் கொஞ்சம் கையில் எடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடது கட்டை விரல் பக்கத்தில், கணக்கு நோட்டில் நீங்கள் போடும் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும். மேல் முனையை அழுத்தினால், திரையில் உள்ள பொம்மை மேலே போகும். வலது முனையை அழுத்தினால் வலது பக்கம் ஓடும். விளையாடும் போது யாரும் அந்தப் பட்டனைக் குனிந்து பார்ப்பதில்லை. கண் திரையில் இருக்கும். விரல் தன் வேலையைத் தானே பார்த்துக் கொள்ளும்.

கூட்டல் குறியை இப்படி விரலுக்கு அடியில் கொண்டு வந்து வைத்தவர், குன்பெய் யோகோய் என்ற ஜப்பானியர். இது மட்டுமா செய்தார்? இடது பக்கம் மட்டுமே திரும்பும் கார், ஒளியைச் சுடும் துப்பாக்கி, பட்டனை அழுத்துவதற்கென்றே ஒரு ரோபோ என, விசித்திரமான பொருட்களாகச் செய்து தள்ளினார். எதற்கு இதெல்லாம் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

யோகோய், 1941 செப்டம்பர் 10ம் தேதி, ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். படிப்பு முடிந்ததும், பெரிய மின்சாதன நிறுவனங்களில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில், 1965ல், உள்ளூரிலேயே இருந்த நின்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார்.

நின்டெண்டோ என்றதும் வீடியோ கேம்தான் உங்கள் நினைவுக்கு வரும். அப்போது அப்படி இல்லை. 1889ல் தொடங்கிய அந்த நிறுவனம், பூப் படங்கள் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளைத் தயாரித்து வந்தது. சீட்டு தயாரிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக் கொள்வது யோகோயின் வேலை. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடும் நாட்களில், அவருக்கு வேலையே இருக்காது. சும்மா உட்கார முடியாத ஆள் அவர். அங்கே கிடந்த கருவிகளை வைத்து, தனக்காக ஒரு பொம்மை செய்தார்.

சில கடைகளில், பக்கவாட்டில் இழுத்து மூடும் இரும்புக் கிராதிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் இருக்கும். இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். அதே அமைப்பில் ஒரு கை. இந்த முனையில் பிடியை அழுத்தினால், அந்த முனை நீண்டு போய், தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விக் கொள்ளும்.

வேலை நேரத்தில் அவர் இதை வைத்து விளையாடிக் கொண்டிருந்ததை, நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி பார்த்து விட்டார். உடனே அறைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. திட்டு விழப் போகிறது என்று நினைத்துத்தான் யோகோய் போனார். ஆனால், அதையே விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய்து தரும்படி சொன்னார் யமவுச்சி. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். நம் நிறுவனம் விளையாட்டுப் பொருள் விற்பது; ஆகவே, இதை வைத்து விளையாட ஏதாவது வேண்டும் என்றார். அதனால், எட்டிப் பிடிக்க வண்ணப் பந்துகளும் சேர்த்துத் தரப்பட்டன. 1966ல், 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வெளியான அந்த நீளும் கை, 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. இயந்திரத்துக்கு எண்ணெய் போட வந்த இளைஞர், பொம்மை செய்பவர் ஆகிவிட்டார்.

அடுத்தடுத்து பல பொம்மைகள் வந்தன. அவற்றில் ஒன்று, இரண்டு பேருக்கு இடையே எவ்வளவு பிரியம் என்று அளந்து சொல்லும் கருவி. 1969ல் வந்தது. இருவரும் ஒரு கையால் ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடித்து, மறு கையைக் கோத்துக் கொள்ள வேண்டும். முள் நகரும். உண்மையில் அது அளந்தது, இருவர் உடல் வழியே ஓடும் மிக மெல்லிய மின்சாரத்தைத்தான். கை வியர்த்தால் முள் கூடுதலாக நகரும். பிரியமாவது ஒன்றாவது! ஆனால், பள்ளிக்கூடத்து ஆய்வுக் கூடத்தில் இருக்கும் மின்னோட்டமானியை, விளையாட்டுப் பொருளாக மாற்ற முடியும் என்று யோசித்தது யார்?

யோகோயின் வழியே இதுதான். புத்தம் புது கண்டுபிடிப்பைத் தேடி அவர் ஓடவில்லை. அது விலை அதிகம். அடிக்கடி கெட்டும் போகும். எல்லாருக்கும் பழகிப்போய், விலை மலிந்த பழைய பொருளை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் சொல்லி வந்தார். அவருடைய பிற்காலப் பெருமைக்கும் சறுக்கலுக்கும், இந்த வழியே காரணமானது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒளித் துப்பாக்கியின் கதை சுவையானது. ஷார்ப் நிறுவனத்தில் இருந்து, ஒளி மின்கலங்களை விற்பதற்காக மசாயுகி உவேமுரா என்ற இளைஞர் வந்தார். மாடியில் சோலார் தகடு பார்த்திருக்கிறீர்களா? ஒளி மின்கலம் அதன் குட்டித் தம்பி. வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும். எல்லாரும் அதை மின்சாரம் எடுக்கவே பயன்படுத்தினர். யோகோயும், உவேமுராவும் வேறு மாதிரி யோசித்தனர். வெளிச்சம் பட்டதா, இல்லையா என்று சொல்லும் கண்ணாக அதை வைத்துக் கொண்டால் என்ன?

1970ல் அந்தப் பொம்மை வந்தது. விசையை இழுத்தால், துப்பாக்கியில் இருந்து ஒளி பாயும். எதிரே இருக்கும் பொம்மை பாட்டிலில் ஒளி மின்கலம் இருக்கும். அதன் மேல் ஒளி சரியாகப் பட்டால், பாட்டில் உடைந்தது போல் சிதறும். பொம்மைச் சிங்கம் என்றால் உறுமும். குண்டு இல்லை, கல் இல்லை. யாருக்கும் காயமும் இல்லை. உவேமுரா பின்னர் நின்டெண்டோவிலேயே சேர்ந்து விட்டார். அவர் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

இந்த வெற்றியைப் பெரிதாக்கப் போய், ஒரு முறை கையைச் சுட்டுக் கொண்டதும் உண்டு. ஆள் வராமல் காலியாகக் கிடந்த பௌலிங் விளையாட்டுக் கூடங்களை, ஒளித் துப்பாக்கி சுடும் கூடங்களாக, 1973ல் மாற்றினர். கூட்டமும் வந்தது. அதே ஆண்டில் உலகம் எங்கும் எண்ணெய் விலை ஏறி, ஜப்பானில் மக்கள் செலவைக் குறைத்தனர். ஆர்டர்கள் ரத்தாகின, நிறுவனம் கடனில் விழுந்தது.

இனி, அந்தக் காரைப் பார்ப்போம்.

1970களின் தொடக்கத்தில், ரேடியோ மூலம் ஓட்டும் பொம்மைக் கார்கள், சாதாரண வீட்டுப் பிள்ளைகள் வாங்க முடியாத விலையில் இருந்தன. முன்னே போ, இடது திரும்பு, வலது திரும்பு என்று ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும். அதனால்தான் அந்த விலை. யோகோய், எல்லாவற்றையும் கழற்றி விட்டு ஒரே கட்டளையை மட்டும் வைத்தார். கார் நேராகப் போகும். பட்டனை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான்! 1972ல், 'லெஃப்டி ஆர்எக்ஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

வலது பக்கம் போக வேண்டுமானால் என்ன செய்வது? ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இடது பக்கமாக மூன்று முறை திரும்பினால், கார் வலது பக்கம் பார்த்து நிற்கும். வட்டமான பாதையில் பந்தயம் விடுவதற்கோ, இடது திருப்பம் ஒன்றே போதும். ஒற்றைப் பட்டன் உள்ள அந்த கன்ட்ரோலரைப் பார்த்தால், யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போனது போல் இருக்கும். ஆனால், விலை உயர்ந்த காரைக் கடைக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்த பிள்ளைகளின் கையில், அதனால் ஒரு கார் வந்தது. யோகோய் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று சொல்லிவிட்டு, மேலே போகிறேன்.

ஒரு நாள், ஜப்பானின் அதிவேக ரயிலில் அவர் பயணம் செய்தார். அருகில் ஒருவர், பொழுது போகாமல், கால்குலேட்டர் பட்டன்களை அழுத்தி விளையாடிக் கொண்டிருந்தார். பெரியவர்களுக்கும் விளையாட ஆசைதான். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் தடுக்கிறது என்று யோகோய்க்குத் தோன்றியது. மடியில் வைத்து, இரு கைகளுக்குள் மறைத்து, கட்டை விரலால் மட்டும் ஆடும் சிறு கருவி இருந்தால்?

சில நாட்களில், யமவுச்சியின் கார் ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை. அந்தக் கார், இடது பக்கம் ஸ்டீயரிங் உள்ள வெளிநாட்டுக் கார். நம் நாட்டைப் போலவே ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால், எல்லாராலும் அதை ஓட்ட முடியாது. வெளிநாட்டுக் கார் ஓட்டிப் பழகிய யோகோயை அழைத்தனர். ஓட்டிக் கொண்டே போகும் போது, பேச்சுவாக்கில் தன் யோசனையைச் சொன்னார் யோகோய். தலைவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால், கால்குலேட்டர் தயாரிக்கும் ஷார்ப் நிறுவனத்தின் பெரிய அதிகாரிகள், சில நாட்களிலேயே பேச வந்து விட்டனர்!

1980 ஏப்ரலில், 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. கால்குலேட்டரின் திரை, கால்குலேட்டரின் சிறு பேட்டரி. விளையாடாத நேரத்தில் மணி காட்டும். முதல் விளையாட்டில், மேலே எறிந்த பந்துகளைக் கீழே விழாமல் பிடிக்க வேண்டும். இடது கட்டை விரலுக்கு ஒரு பட்டன், வலது கட்டை விரலுக்கு ஒரு பட்டன். சுமார் 60 வகைகளில், மொத்தம் 4 கோடியே 34 லட்சம் கருவிகள் விற்றன.

இரண்டு பட்டன் போதாது என்ற நிலை, 1982ல் வந்தது. நின்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர், யோகோயின் மேற்பார்வையில் உருவாக்கிய, 'டாங்கி காங்' என்ற விளையாட்டு, கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில், 1981ல் சக்கைப் போடு போட்டது. பெரிய குரங்கு ஒன்று உருளைகளைத் தள்ளிவிடும்; தச்சர் ஒருவர் ஏணியில் ஏறியும், தாவியும் தப்ப வேண்டும். அந்தத் தச்சர்தான், பின்னாளில் நீங்கள் எல்லாரும் அறிந்த மரியோ. அவர் நான்கு திசையிலும் நகர வேண்டும், தாவவும் வேண்டும்.

கடையில் இருந்த பெரிய பெட்டியில், நிமிர்ந்து நிற்கும் கோல் இருந்தது, ஜாய்ஸ்டிக் என்பார்கள். அதை ஆட்டி விளையாடலாம். ஆனால் யோகோய் செய்ய நினைத்தது, பெட்டி போல் இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் போடும் கருவி. கோல் நீட்டிக் கொண்டு நின்றால் எப்படி மூடுவது? நான்கு தனித்தனி பட்டன் வைக்கலாம். அப்படி வைத்தால், எந்தப் பட்டனில் விரல் இருக்கிறது என்று அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும். அதற்குள் குரங்கு உருளையை விட்டெறிந்து விடும்!

அப்போது பிறந்ததுதான் கூட்டல் குறி. நான்கு பட்டனையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் மட்டும் தாங்கலாக ஒரு முளையை வைத்தார். ஏற்றப் பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். பூங்காவில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவீர்களே, அது. ஒரு முனை தாழ்ந்தால், எதிர் முனை உயரும். அதனால், இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுந்தி, கருவியைக் குழப்ப வழியில்லை. நான்கு பக்கமும் நீண்ட முனைகள் விரலுக்குத் தட்டுப்படுவதால், திசை தானாகத் தெரியும். விரலை எடுக்காமல், சற்றே சாய்த்தால் போதும். தட்டையாக இருப்பதால், கருவியும் ஒழுங்காக மூடிக் கொள்ளும்.

அடுத்த ஆண்டு, அதாவது 1983 ஜூலையில், டிவியில் இணைத்து ஆடும் ஃபேமிகாம் பெட்டியை நின்டெண்டோ வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர், நம் உவேமுரா! இதற்கும் முதலில் ஜாய்ஸ்டிக் வைக்கலாமா என்று யோசித்தனர். ஜப்பான் வீடுகளில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். எழுந்து போகும் போது கன்ட்ரோலரை அங்கேயே போட்டு விடுவார்கள். நீங்களும் அப்படித்தானே? யாராவது மிதித்தால் கோல் முறியும். மிதித்தவர் காலும் புண்ணாகும். யோகோயின் கூட்டல் குறியை எடுத்துப் பொருத்தினர். பிரச்னை தீர்ந்தது.

அதன் பிறகு, ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இதை ஏதோ ஒரு வடிவில் வைத்துக் கொண்டன. சோனி நிறுவனம், 1994ல் வெளியிட்ட பிளேஸ்டேஷனில், கூட்டல் குறியின் நடுப் பகுதி மறைந்து, நான்கு துண்டாகத் தெரியும். இந்தப் பட்டனுக்காக, அமெரிக்காவில் தொலைக்காட்சித் துறைக்குத் தரும் எம்மி விருது, நின்டெண்டோவுக்குக் கிடைத்தது. அதைப் பார்க்க யோகோய் உயிரோடு இல்லை.

ரோபோவின் கதைக்கு, நாம் அமெரிக்கா போக வேண்டும்.

1983ல், அங்கே வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. மோசமான விளையாட்டுகளை அளவுக்கு மீறித் தயாரித்துக் குவித்ததால், மக்கள் வெறுத்துப் போயினர். அடாரி என்ற பெரிய நிறுவனம், விற்காத விளையாட்டுகளை லாரி லாரியாகக் கொண்டு போய், நியூ மெக்சிகோ மாநிலத்தின் பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது. 2014ல் அதைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை! ஆண்டுக்குச் சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம், 1985ல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது. வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே, பொம்மைக் கடைக்காரர்கள் கதவைச் சாத்தினர்.

அந்த நேரத்தில்தான், தன் பெட்டியை அமெரிக்காவில் விற்க வந்தது நின்டெண்டோ. யோகோய் குழுவினர் ஒரு சிறு ரோபோவைச் செய்து கொடுத்தனர். பெயர், ராப். டிவிக்கு எதிரே அதை உட்கார வைக்க வேண்டும். திரையில் தோன்றும் வெளிச்சத் துடிப்புகளை அதன் கண்கள் படிக்கும். பழைய ஒளி மின்கல யோசனைதான், வேறு வேடத்தில்! படித்ததும், கையை ஏற்றும், இறக்கும், திருப்பும். சுழலும் பம்பரம் ஒன்றைத் தூக்கி, ஒரு தட்டின் மேல் வைக்கும். அந்த எடையில் இரண்டாவது கன்ட்ரோலரின் பட்டன் அழுந்தும். திரையில், வழியை அடைத்த தூண் நகரும். உங்கள் ஆள் கடந்து போகலாம்.

நீங்களே விரலால் அழுத்தினால், நொடியில் முடியும் வேலை! ரோபோ அதை ஆடி அசைந்து செய்யும். இதற்காக வந்த விளையாட்டுகள் இரண்டே இரண்டு. சில ஆண்டுகளில் அதை யாரும் சீண்டவில்லை. ஆகவே, ராப் ஒரு வீண் பொருள் என்று எழுதியவர்கள் உண்டு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1985 அக்டோபரில், நியூயார்க் கடைகளில் இந்தப் பெட்டி நுழைந்த போது, கடைக்காரர் கண்ணில் முதலில் பட்டது ரோபோதான். ரோபோ என்றால் பொம்மை. பொம்மை என்றால் கடையில் வைக்கலாம். பின்னாலேயே மரியோவும் உள்ளே போய்விட்டார். அந்தப் பெட்டி, உலகம் முழுதும் 6 கோடியே 19 லட்சம் விற்றது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பவர் பந்தியில் பரிமாறுவதில்லை. அதற்காக அவர் வேலை செய்யவில்லை என்று சொல்லலாமா?

ராபோடு சேர்ந்து, புது ஒளித் துப்பாக்கியும் வந்தது. முன்பு துப்பாக்கி ஒளியை விட்டது, பொம்மை வாங்கியது. இதில் தலைகீழ். டிவி ஒளியை விடும், துப்பாக்கி வாங்கும். விசையை இழுத்ததும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரை முழுதும் கறுக்கும். உடனே, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரும் பாகம், அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழுந்தது; பார்க்காவிட்டால் தப்பியது. நம் ஊரிலும், 1990களில், டிவி கேம் பெட்டிகளோடு இப்படிப்பட்ட துப்பாக்கி வந்தது. உங்கள் அப்பாவோ, சித்தப்பாவோ வாத்து சுட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். தட்டை டிவிகளில் படம் சற்றுத் தாமதமாக வருவதால், அந்தத் துப்பாக்கி அவற்றில் வேலை செய்யாது.

இந்த இடத்தில், யோகோய் செய்யாத ஒரு கன்ட்ரோலரையும் சொல்ல வேண்டும். கை, கால் அசைக்க முடியாத பிள்ளைகளும் விளையாட வேண்டும் என்று, 1989ல் நின்டெண்டோ ஒரு கருவியைத் தந்தது. அதை மார்பில் மாட்டிக் கொள்ள வேண்டும். தாடையால் கோலை நகர்த்தலாம். வாயருகே உள்ள குழாயில் ஊதினால் ஒரு பட்டன். உறிஞ்சினால் இன்னொரு பட்டன். 2018ல், மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இதுபோன்ற தேவைக்காக ஒரு பலகையை வெளியிட்டது. அவரவர் அசைக்கக் கூடிய உறுப்புக்கு ஏற்ப, காலால் மிதிக்கும் விசையோ, தலையால் தட்டும் விசையோ, அதில் செருகிக் கொள்ளலாம். பலகையின் இடது ஓரத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? கூட்டல் குறி!

யோகோய்க்கு வருவோம். 1989 ஏப்ரலில், அவர் குழு உருவாக்கிய, 'கேம் பாய்' வெளியானது. கையடக்கக் கருவி, கூட்டல் குறிப் பட்டன், கறுப்பு வெள்ளைத் திரை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையோடு வந்தன. சேகா நிறுவனத்தின் கருவி, ஆறு பேட்டரியைப் போட்டாலும், நான்கு மணி நேரம் போல் ஓடி நின்று விடும். கேம் பாய், நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விலையும் குறைவு. பேட்டரி வாங்கப் பெற்றோரிடம் காசு கேட்க வேண்டிய பிள்ளைக்கு, எது வேண்டும்? பின்னர் வந்த வண்ணக் கருவியையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. 1991 வளைகுடாப் போரில், குண்டு வீச்சில் கருகிப் போன ஒரு கேம் பாய், மறுபடியும் ஓடியது. அதை நியூயார்க் கடை ஒன்றில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தனர். கேம் பாயை இணைத்து இயக்கும் தையல் இயந்திரம் கூட, 2000ம் ஆண்டு வாக்கில் வந்தது. தைக்க வேண்டிய பூ வேலையை, பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம்!

சறுக்கலைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது, 1995ல் வந்தது.

'வெர்ச்சுவல் பாய்' என்று பெயர். மேஜை மேல் நிற்கும் முகமூடி போன்ற பெட்டி. அதில் முகத்தைப் புதைத்துப் பார்த்தால், காட்சி ஆழமாகத் தெரியும். மலிவான, குறைந்த மின்சாரத்தில் எரியும் சிவப்பு விளக்குகளை யோகோய் பயன்படுத்தினார். பழைய வழிதான். ஆனால், எல்லாம் சிவப்பும் கறுப்புமாகத் தெரிய, பலருக்குத் தலை வலித்தது, கழுத்தும் வலித்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பார்க்கக் கூடாது என்று, நிறுவனமே எச்சரிக்க வேண்டி வந்தது. 10 லட்சம் கூட விற்கவில்லை. ஓராண்டுக்குள் நிறுத்தி விட்டனர். விலையையும், மின்சாரத்தையும் கணக்குப் பார்த்தவர், இந்த முறை கண்ணையும் கழுத்தையும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால், அதன் கன்ட்ரோலரை எடுத்துப் பாருங்கள். இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, வலது பக்கமும் ஒன்று. ஆழமான காட்சிக்குள் நடக்கவும், திரும்பவும் இரு கட்டை விரலும் வேண்டும் என்று செய்தது. இரு கட்டை விரலாலும் திசை காட்டி ஆடுவது, சில ஆண்டுகளில் உலகம் எங்கும் வழக்கமாகி விட்டது. பெட்டி தோற்றது, கைப்பிடி தோற்கவில்லை.

1996 ஆகஸ்டில், 31 ஆண்டு வேலை செய்த நிறுவனத்தில் இருந்து யோகோய் விலகினார். தோல்விதான் காரணம் என்று பலர் பேசினர். வெகு நாளாகவே தனியாகத் தொழில் செய்ய எண்ணியிருந்ததாக அவர் சொன்னார். கியோட்டோவிலேயே, 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் என்ற பொம்மை நிறுவனத்துக்காக, புதிய கையடக்கக் கருவி ஒன்றில் இறங்கினார். ஒரே ஒரு பேட்டரி. குறுக்காகவும் பிடித்து விளையாடலாம், செங்குத்தாகவும் பிடிக்கலாம். அதற்காக நான்கு நான்காக, இரண்டு பட்டன் கூட்டங்களை வைத்தார். எப்படித் திருப்பினாலும், ஒரு கூட்டம் கட்டை விரலுக்கு அடியில் வந்து நிற்கும்.

1997 அக்டோபர் 4ம் தேதி, இஷிகாவா மாநிலத்தில் நெடுஞ்சாலையில், அவர் சென்ற கார் முன்னால் சென்ற லாரியில் இடித்தது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கி நின்றவர் மீது, பின்னால் வந்த இன்னொரு கார் மோதியது. அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிய கருவியை மற்றவர்கள் முடித்தனர். 1999 மார்ச்சில், 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கூடவே, சாய்ந்த கோடுகளை மேலும் கீழும் நகர்த்தி, இடது ஓரத்தில் இருந்து வலது ஓரம் வரை இணைக்கும் புதிர் விளையாட்டு ஒன்றும் வந்தது. கருவியைச் செங்குத்தாகப் பிடித்து ஆட வேண்டிய அந்த விளையாட்டுக்கு, 'குன்பெய்' என்று பெயர் வைத்தனர்.